ஹென்றிக்கு முந்திய இங்கிலாந்து: இறந்தவர்களும் ஊராராக இருந்த காலம்

பிரித்தானியாவில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் எட்டாம் ஹென்றியைத் தெரியும். ஆறு மனைவியர், அவர்களில் இருவருக்குத் தலை போனது, பாப்பரசரோடு சண்டை, பிறகு புதிய சபை. பரீட்சைக்கு இது போதும். ஆனால் ஹென்றி எதை உடைத்தார் என்று யாராவது கேட்டால், "கத்தோலிக்க மதத்தை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவோம். அந்த மதம் சாதாரண ஆட்களின் வாழ்க்கையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது பாடத்தில் பெரிதாக வருவதில்லை.

அது தெரியாவிட்டால் பின்னால் நடந்தவை விளங்காது. 1536இல் வட இங்கிலாந்தில் ஏறத்தாழ 30,000 பேர் ஏன் மன்னருக்கு எதிராகத் திரண்டார்கள்? 1549இல் டெவன் மாவட்டத்துக் கிராமத்தவர்கள் ஒரு செபப் புத்தகத்தை எதிர்த்து ஏன் ஆயுதம் எடுத்தார்கள்?

இந்தக் கட்டுரை 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து 1540கள் வரையான இருநூறு ஆண்டுகளைப் பற்றியது. அந்தக் காலத்தில் மதம் ஒருவர் மனதுக்குள் வைத்திருக்கும் நம்பிக்கையாக மட்டும் இருக்கவில்லை. இன்று நாங்கள் கவுன்சில், வைத்தியசாலை, பாடசாலை, காப்புறுதி, நாட்காட்டி, நாடக அரங்கு என்று தனித்தனியாக வைத்திருக்கும் பல விடயங்கள் அதற்குள் ஒன்றாக இருந்தன.

ஆடு வளர்த்த தேவாலயம்

இங்கிலாந்தில் அப்போது ஏறத்தாழ 9,000 பங்குகள் இருந்தன. பங்கு என்பது ஒரு தேவாலயத்தையும் அதைச் சேர்ந்த மக்களையும் குறிக்கும் சொல். அவற்றில் மிகச் சிறிய ஒன்று டெவனில் எக்ஸ்மூர் மலைப்பகுதியின் ஓரத்தில் இருக்கும் மோர்பாத். அங்கே முப்பது சொச்சம் குடும்பங்கள்தான் இருந்தன. இந்தக் குட்டி ஊரைப் பற்றி எங்களுக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்கு ஒரு மனிதர் காரணம். 1520 முதல் 1574 வரை அங்கே பங்குக் குருவாக இருந்த கிறிஸ்தோபர் திரிக்கி, தேவாலயத்தின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் விரிவாக எழுதி வைத்தார். அதை ஊர் மக்களுக்கு முன்னால் உரக்க வாசித்தும் காட்டினார்.

அந்தக் கணக்கில் கடவுளைவிட ஆடுகள்தான் அதிகம் வருகின்றன என்று சொல்லலாம். மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிய வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அதனால் மாதாவின் பெயரில் சில ஆடுகள் இருந்தன. மற்றப் புனிதர்களின் பெயரிலும் ஆடுகள் இருந்தன. அவற்றை ஊரில் உள்ள வீடுகள் பங்குபோட்டு வளர்த்தன. கம்பளி விற்ற காசு அந்தந்தப் புனிதரின் நிதிக்குப் போனது. எந்த ஆடு யார் வீட்டில் நிற்கிறது, எது செத்தது என்பதெல்லாம் கணக்கில் இருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு நிதி, கல்யாணம் ஆகாத பெண்களுக்கு ஒரு நிதி. அவற்றுக்குப் பொறுப்பாளர்களை அவர்களுக்குள்ளேயே தெரிந்தெடுத்தார்கள். பார்லியில் ஏல் காய்ச்சி, ஊரை அழைத்து, விருந்து வைத்து, வந்த இலாபத்தைத் தேவாலயத்துக்குக் கொடுத்தார்கள். பொறுப்பாளர் பதவி வீடு வீடாகச் சுழன்று வந்தது. பணக்காரருக்கும் வந்தது, ஏழைக்கும் விதவைக்கும் வந்தது. வாக்குரிமை என்பதைக் கேள்விப்பட்டிராத ஒரு காலத்தில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டக்கூடிய இடம் வேறு எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் உங்கள் பையில் இருக்கும் நாட்காட்டி

அந்தக் காலத்து மனிதருக்கு 'ஒக்டோபர் 3' என்பதைவிட 'மிக்கேல் சம்மனசுத் திருநாளுக்கு நாலு நாள் கழித்து' என்பதுதான் எளிது. ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர ஆண்டுக்கு 40 முதல் 50 வரையான திருநாட்களில் வேலை நிறுத்தப்பட்டது. விடுமுறையைக் குறிக்கும் 'ஹொலிடே' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளே 'புனித நாள்' என்பதுதான்.

சாப்பாடும் நாட்காட்டியைப் பின்பற்றியது. வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் விலக்கு. அதனால் தவக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள் வீட்டில் இருக்கும் முட்டையையும் கொழுப்பையும் சுட்டுத் தின்று முடித்தார்கள். இன்றும் பெப்ரவரியில் அல்லது மார்ச்சில் வரும் பான்கேக் நாள் அதன் மிச்சம். ஒக்ஸ்போர்டில் இலையுதிர்காலத் தவணையை 'மிக்கல்மஸ்' என்று சொல்வதும் அதன் மிச்சம். பிரித்தானியாவின் வரி ஆண்டு ஏப்ரல் 6 என்ற விசித்திரமான திகதியில் தொடங்குவதற்கும் வேர் மார்ச் 25இல் வரும் மாதா திருநாளில் இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தில் புது வருடமே அன்றுதான் பிறந்தது. பிறகு நாட்காட்டியைத் திருத்தியபோது 11 நாட்கள் தள்ளிப்போயின.

இறந்தவர்களுக்கான வேலை

இந்த உலகத்தின் நடுவில் இருந்தது சாவு. 1348 கோடையில் தென்கரையில் வந்திறங்கிய கொள்ளைநோய் ஒன்றரை ஆண்டுக்குள் நாட்டின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையான மக்களைக் கொன்றது. குருமாரும் செத்தார்கள். சாகும் முன் பாவசங்கீர்த்தனம் செய்யக் குரு கிடைக்காத நிலை வந்தது. பாத், வெல்ஸ் பகுதிகளின் ஆயர் 1349 ஜனவரியில் ஓர் அறிவித்தல் விடுத்தார். குரு இல்லாவிட்டால் சாதாரண ஆள் ஒருவரிடம் பாவங்களைச் சொல்லலாம், ஆண் இல்லாவிட்டால் ஒரு பெண்ணிடமும் சொல்லலாம் என்றார். சபை எவ்வளவு கலங்கியிருந்தால் இப்படி ஒரு அனுமதி வந்திருக்கும்!

அவர்களின் நம்பிக்கைப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் நேரே மோட்சத்துக்கும் போவதில்லை, நரகத்துக்கும் போவதில்லை. இடையில் ஓர் இடம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் அதை 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று சொல்வார்கள். அங்கே ஆன்மாக்கள் தங்கள் பாவக் கடனைத் தீர்க்கின்றன. உயிரோடு இருப்பவர்கள் செபித்தால், பூசை வைத்தால், ஏழைக்குக் கொடுத்தால் அந்தக் காலம் குறையும்.

இதை வெறும் பயமுறுத்தல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்த நம்பிக்கை மனிதர்களை என்ன செய்ய வைத்தது என்று பார்த்தால் வேறொரு படம் வருகிறது. இறந்தவருக்கு உயிரோடிருப்பவரின் உதவி தேவை. பணக்காரருக்கு ஏழையின் செபம் தேவை. அதனால் வசதியான ஒருவரின் மரண ஊர்வலத்தில் ஏழைகள் தீப்பந்தம் பிடித்து நடந்தார்கள். அவர்களுக்கு உடையும் பணமும் கிடைத்தன. அடக்கம் முடிந்ததும் அப்பம் பகிர்ந்தார்கள். பங்குத் தேவாலயத்தில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியலை ஆண்டுதோறும் வாசித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செத்தவரின் பெயரும் ஊரின் காதில் விழுந்தது. அவரும் இன்னும் அந்த ஊரைச் சேர்ந்தவர்தான்.

வசதி உள்ளவர்கள் 'சான்ட்ரி' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். நிலத்தை எழுதிவைத்து, அதன் வருமானத்தில் ஒரு குரு தினமும் தங்கள் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கச் செய்வது அது. அந்தக் குருமாரில் பலர் மிச்ச நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். ஒக்ஸ்போர்டில் 1438இல் நிறுவப்பட்ட ஓல் சோல்ஸ் கல்லூரியின் பெயரைக் கவனியுங்கள். 'எல்லா ஆன்மாக்களின் கல்லூரி.' பிரான்சோடு நடந்த போர்களில் மாண்டவர்களுக்காகச் செபிப்பது அதன் கடமைகளில் ஒன்று. லண்டனில் 1123இல் தொடங்கிய புனித பார்த்தலோமேயு வைத்தியசாலையும் துறவிகள் நடத்திய இடமாகத்தான் பிறந்தது.

ஆணி செய்பவர்கள் போட்ட நாடகம்

பட்டணங்களில் இந்த வேலைகளைச் சகோதரச் சங்கங்கள் செய்தன. 'கில்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்வது இவற்றைத்தான். சந்தா கட்டி உறுப்பினராகலாம். நோயில் விழுந்தால், வீடு எரிந்தால், வயது போய் உழைக்க முடியாமல் போனால் சங்கம் வாரம் சில காசு கொடுக்கும். செத்தால் எல்லோரும் அடக்கத்துக்கு வரவேண்டும். பெண்களும் பல சங்கங்களில் சேரலாம். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்த திருச்சிலுவைச் சங்கம் ஒரு பள்ளிக்கூடத்தையும் முதியோர் இல்லங்களையும் நடத்தியது. அந்த ஊரின் பெயரை நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருவோம்.

யோர்க் நகரத்தில் தொழிற்சங்கங்கள் இன்னொரு காரியமும் செய்தன. நற்கருணைத் திருநாளன்று உலகம் படைக்கப்பட்டது முதல் கடைசித் தீர்ப்பு வரையான முழுக் கதையையும் நாடகமாகப் போட்டார்கள். 1376இலேயே இதற்கான சான்று இருக்கிறது. ஏறத்தாழ 48 சிறு நாடகங்கள், சக்கரம் பூட்டிய மேடைகளில், தெருத் தெருவாக நகர்ந்தன. விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கி இரவு வரை நீண்டன. நோவாவின் பேழையைக் கப்பல் கட்டுபவர்கள் போட்டார்கள். கடைசி இராப்போசனத்தை வெதுப்பகக்காரர் போட்டார்கள். இயேசுவைச் சிலுவையில் அறையும் காட்சியை ஆணியும் ஊசியும் செய்பவர்கள் போட்டார்கள். நாள் முழுக்க ஆணி அடித்துப் பிழைக்கும் ஒரு மனிதர், ஆண்டுக்கு ஒருநாள் தன் ஊர்ச் சனத்துக்கு முன்னால் அந்த ஆணியை எங்கே அடிக்கிறார் என்று பாருங்கள்.

வெறுங்காலோடு ஒரு மைல்

யாத்திரையும் அந்த வாழ்க்கையின் பெரிய பகுதி. கண்டர்பரியில் புனித தோமஸ் பெக்கெட்டின் கல்லறைக்கும் நோர்ஃபோக்கில் உள்ள வால்சிங்ஹம் மாதாவிடமும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நோய் தீர, பிள்ளை வேண்டி, நேர்த்திக்கடன் தீர்க்க, சிலர் ஊரைவிட்டு நாலு நாள் வெளியே போய் வரவும்.

வால்சிங்ஹம் உங்களில் பலருக்குத் தெரிந்த பெயராக இருக்கும். பிரித்தானியாவில் வாழும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் அங்கே யாத்திரை போகிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் போகிறார்கள். அங்கே ஒரு மைல் தூரத்தில் இருக்கும் சிறிய சிற்றாலயத்துக்குச் 'செருப்புச் சிற்றாலயம்' என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. யாத்திரிகர்கள் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு மிச்ச தூரத்தை வெறுங்காலோடு நடந்தார்கள் என்பது மரபு.

அப்படி நடந்து போனதாகச் சொல்லப்படுபவர்களில் ஒருவர் இளம் மன்னர் எட்டாம் ஹென்றி. 1511 புத்தாண்டு அன்று அவருக்கும் கத்தரினுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நன்றி சொல்ல அவர் வால்சிங்ஹம் போனார். குழந்தை இரண்டு மாதம்கூட உயிரோடு இருக்கவில்லை. அதே ஹென்றியின் ஆட்சியில் 1538இல் அந்த மாதாவின் சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள்.

அதற்கு ஒரு விலை இருந்தது

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு அது ஒரு பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அணைப்பிலிருந்து விலகி நிற்க யாருக்கும் அனுமதி இல்லை. யூதர்களை முதலாம் எட்வர்ட் 1290இலேயே நாட்டைவிட்டுத் துரத்திவிட்டார். மிஞ்சியவர்கள் எல்லோரும் பிறப்பால் சபையின் உறுப்பினர்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கட்ட வேண்டும். ஒருவர் செத்தால் அவரின் நல்ல உடை ஒன்றோ கால்நடை ஒன்றோ குருவுக்குச் சேர வேண்டும்.

லண்டன் வணிகர் ரிச்சர்ட் ஹன் என்பவரின் கைக்குழந்தை 1511இல் வைட்சப்பல் பகுதியில் இறந்தது. ஹென்றியின் மகன் இறந்த அதே ஆண்டு. குழந்தையின் ஞானஸ்நானத் துணியை அங்கிருந்த குரு தன் உரிமையாகக் கேட்டார். ஹன் கொடுக்க மறுத்தார். வழக்கு ஏறியது. ஹன் எதிர்வழக்குப் போட்டார். பிறகு அவர் சபைக்கு மாறான கொள்கை உடையவர் என்று குற்றஞ்சாட்டி ஆயரின் சிறையில் அடைத்தார்கள். 1514 டிசம்பரில் அங்கே தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். மரண விசாரணை நடத்திய நடுவர்கள் இது கொலை என்றார்கள். சபையோ செத்தவர் மீதே விசாரணையை நடத்தி முடித்து, உடலை எரித்தது. ஒரு துண்டுத் துணியில் தொடங்கிய கதை இது.

வேதாகமத்தைத் தாய்மொழியில் வாசிப்பதும் ஆபத்தாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோன் விக்கிளிஃப்பைப் பின்பற்றியவர்கள் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். அவர்களை 'லொலார்ட்' என்று அழைத்தார்கள். 1401இல் இப்படிப்பட்டவர்களை உயிரோடு எரிக்கச் சட்டம் வந்தது. 1409இல் அனுமதி இல்லாத மொழிபெயர்ப்புக்குத் தடை வந்தது. விக்கிளிஃப் 1384இல் இறந்துவிட்டார். ஆனாலும் 1428இல் அவரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். இறந்தவர்களும் ஊரைச் சேர்ந்தவர்கள் என்றால், இறந்தவரையும் ஊரைவிட்டு விலக்கலாம் அல்லவா? ஆனாலும் அந்த ஆங்கில வேதாகமத்தின் கையெழுத்துப் பிரதிகள் ஏறத்தாழ 250 இன்றும் இருக்கின்றன. தடைக்குப் பயப்படாமல் படித்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டு பக்கத்தையும் ஒரே ஆளில் பார்க்க வேண்டுமானால் மார்ஜரி கெம்ப்பைப் பாருங்கள். நோர்ஃபோக்கின் லின் துறைமுகத்தைச் சேர்ந்தவர், 14 பிள்ளைகளைப் பெற்றவர். யாத்திரை என்ற பெயரில் ஜெருசலேம், ரோம், ஸ்பெயினின் சந்தியாகோ வரை போய்வந்தார். தேவாலயத்தில் சத்தம் போட்டு அழுவார், வழியில் காண்பவர்களுக்கு உபதேசம் செய்வார். 1417இல் யோர்க் பேராயர் அவரை விசாரித்தார். லொலார்ட் என்று சந்தேகம். பதில் சொல்லித் தப்பினார். பிறகு தன் கதையைச் சொல்லி எழுதுவித்தார். ஆங்கிலத்தில் எங்களுக்குத் தெரிந்த முதல் தன்வரலாறு அதுதான். பயணத்துக்கும் பேச்சுக்கும் அவருக்கு வழி திறந்தது மதம். அதற்காகவே அவரைக் கூண்டில் நிறுத்தியதும் அதே மதம்.

இருபது ஆண்டுக்குள்

1536 முதல் 1540 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 800 அளவிலான துறவிமடங்களை ஹென்றி மூடினார். நிலம் அரசிடம் போய், பிறகு வசதி படைத்தவர்களிடம் விலைக்குப் போனது. வடக்கில் திரண்ட 30,000 பேரின் தலைவர் ரொபேர்ட் ஆஸ்க் ஒரு சட்டத்தரணி. மடங்கள் மூடப்பட்டால் வடபகுதி ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உணவும் தங்குமிடமும் இல்லாமல் போகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அவரை 1537இல் யோர்க்கில் தூக்கிலிட்டார்கள்.

சாதாரண ஊர்களை உண்மையில் தொட்ட அடி ஹென்றி செத்த பிறகு வந்தது. 1547இல் அவரின் மகன் ஆறாம் எட்வர்டின் அரசு உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்றது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சான்ட்ரிகளையும் அவற்றோடு சமயச் சங்கங்களையும் கலைத்துச் சொத்தை எடுத்தது. பெயர்ப்பட்டியல் வாசிப்பது நின்றது. இறந்தவர்களுக்காகச் செய்ய இனி ஒன்றும் இல்லை.

மோர்பாத்தில் குருவானவர் திரிக்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். இறந்தவர்களுக்கான பூசையில் அணிவதற்கு நல்ல கறுப்பு உடுப்பு வாங்க வேண்டும் என்பது அவரின் ஆசை. 1547இல் ஒருவழியாக அது வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பூசையே சட்டத்தில் இல்லாமல் போனது. ஆடுகளை விற்றார்கள். இளைஞர்களின் நிதியும் பெண்களின் நிதியும் முடிந்தன. 1549இல் புதிய ஆங்கிலச் செபப் புத்தகம் வந்தபோது டெவனும் கோர்ன்வாலும் கிளர்ந்தன. மக்களுக்கு விளங்கும் மொழி என்று கொடுத்த புத்தகம் அது. ஆனால் கோர்னிஷ் மொழி பேசிய சிலர் எங்களுக்கு ஆங்கிலம் விளங்காது என்றார்கள். மோர்பாத் தன் பங்குக்கு ஐந்து ஆண்களுக்கு ஆயுதமும் வழிச்செலவும் கொடுத்து அனுப்பியது. அரச படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்று கிளர்ச்சியை அடக்கியது.

ஸ்ட்ராட்ஃபோர்டின் திருச்சிலுவைச் சங்கமும் 1547இல் போனது. அதன் பள்ளிக்கூடம் 1553இல் எட்வர்டின் பெயரில் மறுபடி திறந்தது. இன்று நீங்களோ உங்கள் நண்பர்களோ படிக்கும் 'ஆறாம் எட்வர்ட்' பள்ளிக்கூடங்கள் சிலவற்றுக்கு இப்படி ஒரு முற்பிறப்பு இருக்கிறது. சங்கத்தின் சிற்றாலயச் சுவரில் கடைசித் தீர்ப்பைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்று இருந்தது. அதை மறைக்க நகரசபை 2 ஷில்லிங் செலவழித்த பதிவு 1564 ஜனவரிக் கணக்கில் உள்ளது. அப்போது கணக்குக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோன் ஷேக்ஸ்பியர். மூன்று மாதத்தில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்த மகன்தான் வில்லியம் ஷேக்ஸ்பியர்.

வேதாகமம் இனி எல்லோர் கைக்கும் வந்தது. குழந்தையின் துணியைக் கேட்டு வழக்குப் போடும் அதிகாரம் தளர்ந்தது. இவை சிறிய ஆதாயங்கள் அல்ல. ஆனால் ஏழைகளைப் பார்க்கும் பொறுப்பை வரி மூலம் ஒழுங்காக நிறைவேற்ற 1601ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடு தடுமாறியது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் பெயரை மற்றவர் செபத்தில் சொன்ன அந்த உறவு வரியில் வரவில்லை.

அடுத்த முறை ஒரு பழைய ஆங்கிலத் தேவாலயத்துக்குள் போனால் சுவரில் உள்ள மாடங்களைப் பாருங்கள். பல வெறுமையாக இருக்கும். சில இடங்களில் சுரூபத்தின் முகத்தை மட்டும் செதுக்கி எடுத்திருப்பார்கள். அந்த இடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண் தான் வளர்த்த ஆட்டின் கம்பளியை விற்று ஒரு மெழுகுதிரி ஏற்றியிருப்பாள். அவள் பெயர் கணக்குப் புத்தகத்தில் இருந்தால் எங்கள் அதிர்ஷ்டம். ஹென்றியின் ஆறு மனைவியரின் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே பாடம். அவளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.